கட்டிலுக்கடியில் இரண்டு ஆணிகள்

மாரிகுப்பம்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

ஷைலா டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், டீச்சர். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களுக்கு எழுதினேன் என்று எங்கள் லைன் வீடுகளில் ஒருவருக்குத் தெரிந்தாலும் போதும், அப்பா என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவார். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து, டார்ச்சை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து எழுதுகிறேன். உங்கள் நம்பரை லைனில் எல்லார் போனிலும் சங்கத்து எரிக் அண்ணன் பக்கத்தில் நின்று பிளாக் பண்ண வைத்துவிட்டார். நம் வகுப்பு ராதிகா பேத்தமங்களாவில் நீங்கள் இப்போது குடியிருக்கும் தெருவிலேயே இருப்பதால்தான் இது உங்களுக்கு வந்து சேரும். ஜியாமெட்ரி பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவருவாள். அவள் படிக்கமாட்டாள். சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் மாற்றலாகிப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஹெட்மாஸ்டர் நீலப் பெட்டியை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார். ஜூன் மாதம் கோலாரில் ஐந்து நாள் புவி அறிவியல் பயிற்சி முடித்துவிட்டு, அந்தப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் வகுப்புக்குள் வந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. தெர்மகோலில் பன்னிரண்டு குழி, பதினொரு கல். பன்னிரண்டாவது குழியில் ஒரு சீட்டு: ‘உங்கள் ஊரில் சேகரித்துக்கொள்ளவும்’. நாங்கள் சிரித்தோம். எங்கள் ஊரில் எதைச் சேகரிப்பது, தங்கச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைடு மேட்டு மண்ணையா என்று நான்தான் கேட்டேன். “உங்க வீட்டுச் சுவர்ல வெடிப்பு இருக்கா?” என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். முப்பத்தொரு பேரும் கை தூக்கினோம்.

வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லு, இரண்டு முனையிலும் பிளாஸ்டர், மேலே தேதி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சாட்சிக் கண்ணாடி என்று நீங்கள் பெயர் வைத்தீர்கள். வாரா வாரம் வெடிப்பின் அகலத்தையும் அளந்து நோட்டில் எழுதினோம். ஆகஸ்டுக்குள் எங்கள் லைனில் பன்னிரண்டு வீட்டில் எட்டில் உடைந்தது.

நீங்கள் போன மறுவாரம் சர்வேக்காரர்கள் இரண்டு பேர் வந்து எங்கள் கதவுகளில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு 7. அவர்கள் கையில் இருந்த தாளில் நாங்கள் எடுத்த அளவுகள் அப்படியே இருந்தன. வீட்டுக்காரர் பெயரோடு, கதவு எண்ணோடு. அன்று சாயங்காலமே குழாயடியில் கூட்டம். லைன் சங்கத்துக்கு எரிக் அண்ணன்தான் தலைவர், உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னார்:

“இன்னா நடந்துச்சுன்னு புரியுதா? சொரங்கக் கம்பெனி மூடி இருபத்தஞ்சு வருசமாவப் போவுது. டிசம்பர்லதான் வூட்ட நம்ம பேருக்கு எழுதித் தர்ற லிஸ்ட் வருது. வெடிச்ச வூட்ட எவன் எழுதித் தருவான்? இடிச்சுத் தள்ளுன்னு எழுதுவான். நம்ம புள்ளைங்க கையாலயே எழுத வச்சிட்டுப் போய்ட்டாங்க அந்தம்மா.”

எல்லா வெடிப்பையும் பூசிவிட வேண்டும், கண்ணாடிகளை எடுத்துவிட வேண்டும், அளவு நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. நோட்டுகளை ஒரு தகர டின்னில் போட்டு எரித்தார்கள். நான் என் பழைய கணக்கு நோட்டுக்கு அளவு நோட்டின் அட்டையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நிஜமான நோட்டு என்னிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு பார்வதம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னாடி இஞ்சினியரம்மா, இன்னிக்கி எத்தன மில்லி?” என்று கத்துகிறார். லைனே சிரிக்கிறது.

அப்பா போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெடிப்பைப் பூசினார். டிபன் பாக்ஸ் மூடியின் முதுகால் தேய்த்து, சுண்ணாம்பும் அடித்து, வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டார். ஜூனில் 4 மில்லிமீட்டர். ஆகஸ்டில் 7. இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் டீச்சர் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

உங்கள் மாணவி,
நிவேதா
ஒன்பதாம் வகுப்பு

*

18 செப்டம்பர்

நிவேதா,

இனி எனக்கு எழுதாதே. ராதிகாவை இதில் இழுக்காதே. அந்த நோட்டை எரித்துவிடு.

என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் பிள்ளைகளைப் பிறர் வீடுகளுக்குள் அனுப்பினேன், பீதி கிளப்பினேன் என்று உங்கள் லைனிலிருந்து நாற்பது கையெழுத்தோடு மனு போயிருக்கிறது. நகல் எனக்கு வந்தது. மூன்றாவது கையெழுத்து உன் அப்பாவுடையது. உன்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். பயிற்சி முடிந்து மூன்று மாதத்துக்குள் ‘உள்ளூர்ப் பணி’ ஒன்று செய்து அனுப்பினால்தான் சான்றிதழ். மற்ற ஊர் ஆசிரியர்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டம், வயல் மண் என்று அனுப்பினார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மனோகர் சார் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போட்டார்: இடமும் நேரமும் இல்லாத அளவு அளவே இல்லை. அதனால் கதவு எண் போட்டேன். பெயர் போட்டேன். மாவட்டத்திலேயே சிறந்த பணி என்று அவர் அதை மேலே அனுப்பியபோது உங்கள் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எந்தக் காகிதம் யார் மேஜைக்குப் போகும் என்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை. நான் அதை இந்த ஊரில் பிறந்தவளாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். என் அப்பாவும் கம்பெனி வீட்டில் இருந்து செத்தவர்தான்.

பூசி மறைத்த வெடிப்பை மேலே பார்த்துப் பயனில்லை. சுவரில் போகிற வெடிப்பு தரையிலும் இறங்கியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் சிமெண்டில் ஓர் ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலில் பார்த்தால் போதும். பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. செய்யாதே. கிழித்துவிடு.

ஷைலா

*

மாரிகுப்பம்
19 அக்டோபர், ஞாயிறு

டீச்சருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். தசரா லீவில் ராதிகா வராததால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். இதையும் யாரிடமும் காட்டாதீர்கள்.

ஆணி அடித்துவிட்டேன். அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், கட்டிலுக்கடியில். வெடிப்பு தரையிலும் இருக்கிறது. சுவரிலிருந்து இறங்கி, கட்டிலுக்கடியில் ஓடி, பார்வதம்மா வீட்டுப் பக்கம் போகிறது. சரியாக 200 மில்லிமீட்டர் வைத்து அடித்தேன். செப்டம்பர் 22. அடுத்த வாரமும் 200. அதற்கடுத்த வாரம் 201. இன்று 202. கொஞ்சம்தான் இல்லையா? கொஞ்சம்தான் என்று நீங்கள் எழுதினால் நான் தூங்குவேன்.

ஆனால் இன்னொன்று நடந்தது. ஜூலையில் அப்பா நம் வகுப்புக்கு வந்தாரே, அன்று அவர் செய்து காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர், மேலே இருக்கிற பாறை விழாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. ஒவ்வொரு ஷிப்டிலும் உள்ளே போனதும் முதலில் இரும்புக் கம்பியால் பாறையைத் தட்டிப் பார்ப்பார்களாம். இரண்டு கல்லை மேஜைமேல் வைத்துத் தட்டிக் காட்டினார். கெட்டிக் கல் ‘கணீர்’ என்றது. உள்ளே விட்டுப்போன கல் ‘தொம்’ என்றது. “காதுதான்டா மீட்டரு. தொம்முன்னா சாமான அங்கயே போட்டுட்டு ஓடு. சூப்பர்வைசர் கூப்ட்டாலும் நிக்காத” என்று சொன்னார். பையன்கள் கைதட்டினார்கள். அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய ராத்திரி சத்தம் கேட்டு விழித்தேன். அப்பா கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக, வாசற்படியிலிருந்து ஆரம்பித்து உள்பக்கமாக. வாசலில் கணீர். நடுவில் கணீர். என் கட்டிலுக்குப் பக்கத்தில் தொம். மறுபடி தட்டினார். தொம். அம்மா எழுந்து, “இன்னாங்க இந்நேரத்துல?” என்றாள்.

“ஒண்ணுமில்ல, படு. எலி வளையோன்னு பாத்தேன். கெட்டியாத்தான் கீது.”

நான் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன் டீச்சர். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் காலை காவல் வேலைக்காகப் பெங்களூர் ரயிலுக்குப் போகும்முன் என் கட்டிலைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் போட்டார். ஆணிகளைப் பார்த்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பாயை விரித்துவிட்டார்.

இரண்டு நாளாகக் கதவும் தரையில் உரசுகிறது.

நிவேதா

*

24 அக்டோபர்

நிவேதா,

இதை வேறு யார் வாயாவது உனக்குச் சொல்லும்முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று கோலாரில் விசாரணை முடிந்தது. ஒரு தாளை என் முன்னால் வைத்தார்கள். கன்னடத்தில் நாலே வரி. அந்த அளவுகள் பயிற்சி இல்லாத பிள்ளைகள் பாடத்துக்காக எடுத்தவை, துல்லியமற்றவை, வீடுகளின் நிலைமைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால் சஸ்பென்ஷன். என் வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். இது சாக்குப்போக்கு இல்லை, நிவேதா. சாக்குப்போக்கும்தான்.

போட்டேன்.

வெளியே வந்தபோது எரிக்கும் உன் அப்பாவும் மரத்தடியில் நின்றிருந்தார்கள். எரிக் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். “நீங்க நல்லவங்கதான் டீச்சர், படிச்சவங்களுக்கு ஊரு புரியாது, அவ்ளோதான்” என்றார். உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை.

தப்பாக எழுதினாலும் அழிக்காதே, ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முப்பத்தொரு பேர் எட்டு வாரம் சரியாக எழுதியதை நாலு வரியில் அழித்துவிட்டேன்.

மனோகர் சார் போன் எடுப்பதில்லை. அடுத்த பயிற்சியில் உள்ளூர்ப் பணி கிடையாதாம். அதற்குப் பதில் எரிமலை மாடல். சோடா உப்பும் வினிகரும். நம் மாவட்டத்தில் எரிமலைக்காக எந்த வீட்டுக்காரரும் மனு கொடுக்கமாட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். 202 கொஞ்சம்தான். ஆனால் அந்த ‘தொம்’ கொஞ்சம் இல்லை. அம்மாவிடம் சொல். அந்த இடத்தில் யாரும் படுக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு மில்லிக்குமேல் போனால் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஷைலா

*

மாரிகுப்பம்
2 நவம்பர், ஞாயிறு

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வரும்முன்பே எனக்குத் தெரியும். எரிக் அண்ணன் அந்தத் தாளின் நகலைக் குழாயடியில் மைக் வைத்துப் படித்தார். கன்னடத்தில் படித்துவிட்டு, தமிழிலும் சொன்னார். தீபாவளிக்கு மிச்சமிருந்த பட்டாசையெல்லாம் கொளுத்தினார்கள். கதவுகளில் இருந்த சிவப்பு நம்பரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். எங்கள் கதவை நான்தான் துடைத்தேன். அம்மா துணி கொடுத்தாள்.

உங்கள்மேல் கோபமாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். ஒரு கோடு போட்டு அடிக்கமாட்டேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உங்களைவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை.

போன சனிக்கிழமை அப்பா ராமசாமி மர டெப்போவிலிருந்து மூன்று தைலமரக் கட்டை வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் என் இடுப்புப் பருமன் இருக்கும். வாசலைச் சாத்திக்கொண்டு, அந்தப் பாய் விரித்த இடத்தில், உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே மூன்றையும் நிறுத்தி, மேலே ஆப்பு வைத்துச் சம்மட்டியால் இறுக்கினார். சுரங்கத்தில் செய்த மாதிரியே. வேலை செய்யும்போது அப்பா முகம் இளமையாக இருந்தது. ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார். முடித்துவிட்டு ஒரு கட்டையைத் தட்டி, “இனிமே மேல இருந்து மலையே வந்தாலும் நிக்கும்” என்றார்.

மேலே இருந்து ஒன்றும் வரவில்லை டீச்சர். ஆபத்து கீழே, பழைய சுரங்கம் விட்டுப்போன பொந்தில் இருக்கிறது. அவர் கீழேயே பத்து வருஷம் வேலை செய்தவர், அங்கே எல்லாமே மேலிருந்துதான் விழும். அதனால் மேலேயே பார்க்கிறார். கூரையின் பாரம், ஓட்டின் பாரம், எல்லாம் இப்போது அந்தத் தொம் என்ற இடத்தின்மேல் இறங்குகிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறது. தப்பாக இருக்கலாம். அளவுகளைப் பாருங்கள்.

அக்டோபர் 19: 202.
கட்டை நிறுத்திய மறுநாள், 26: 204.
29: 207.
இன்று: 210.

கோலிக் குண்டை வாசற்படியில் வைத்தால் தானாகக் கட்டைகளின் பக்கம் உருண்டு போகிறது. அப்பா இரண்டு தடவை கதவின் அடியைச் சீவிவிட்டார்.

நேற்று துணிந்துவிட்டேன். அப்பா சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்துப்போய் முன்னால் வைத்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். எரிக்காமல் வைத்திருந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“கட்டைய எடுத்துடலாம்பா. அது நிக்கிற எடந்தான் எறங்குது.”

“டிம்பரு எனக்கே சொல்லித் தர்றியா நீ?”

“நீங்கதான் சொன்னீங்க. தொம்முன்னா ஓடுன்னு. அன்னிக்கி ராத்திரி நானும் கேட்டேன்பா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு சொன்னார்: “ஓடலாம். ஷாஃப்டுல இருந்து ஓடுனா வூட்டுக்கு வரலாம். வூட்ல இருந்து எங்கடி ஓடறது? டிசம்பர் வரைக்கும் நின்னா போதும். லிஸ்ட்ல பேரு வந்தா வித்துட்டாவது போலாம். இப்ப காலி பண்ணா நாளைக்கே எரிக் கேப்பான், ஏன் காலி பண்ணேன்னு. எனக்காவ லைன்ல பன்னெண்டு வூடும் போவும்.”

“அளவு பாருப்பா. பத்து நாள்ல அஞ்சு மில்லி.”

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, அமைதியாகத்தான் சொன்னார்: “அளவெல்லாம் தப்புன்னு உங்க டீச்சரே கையெழுத்து போட்டாங்களே மா. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்.”

அதற்குப் பதில் என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

நிவேதா

*

6 நவம்பர்

நிவேதா,

அதற்குப் பதில் இல்லை.

உன் கடிதத்தோடு நான் செய்ததைச் சொல்கிறேன். நீ சொன்னது சரி, கட்டைகள்தான் அழுத்துகின்றன. உன் அளவுகளைத் தாளில் கோடாக வரைந்து பார்த்தேன். கட்டை வைத்த நாளில் கோடு மடங்கி ஏறுகிறது. ஒரு குழந்தைக்கும் புரியும். நீதான் அந்தக் குழந்தை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கோலாருக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பழைய அளவுகள் சரியானவை, நான் கையெழுத்திட்டதுதான் தப்பு, உடனே ஆள் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மேஜையில் இருந்தவர் என் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், போன மாசம் தப்புன்னீங்க, இந்த மாசம் சரிங்கறீங்க. அடுத்த மாசம் என்ன சொல்வீங்க?” சீல் வைத்து வாங்கிக்கொண்டார். டிசம்பர் பட்டியல் வேலை முடிந்ததும் பார்ப்பார்களாம்.

திரும்பும் வழியில் மாரிகுப்பத்தில் இறங்கினேன். உங்கள் லைன் முனையிலேயே எரிக்கும் இன்னும் நாலு பேரும் என்னை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை டீ இல்லை. ஓர் அம்மா, பார்வதம்மா என்று நினைக்கிறேன், “எங்க வூட்டக் குழி தோண்டிப் புதைச்சது போதாதா, மண்ணு தள்ளவும் வந்துட்டியா?” என்று கேட்டார். உங்கள் கதவு அங்கிருந்தே தெரிந்தது. துடைத்த பிறகும் அந்த 7 லேசாகத் தெரிகிறது.

உன் அப்பாவிடம் கையெழுத்தைப் பற்றி வாதாடாதே. கட்டையை எடுக்க நீயாக முயலாதே, ஆப்பு தெறித்தால் உத்தரம் விழும். வாசல் பக்கமாகப் படு. ராத்திரி தாழ்ப்பாள் போடாதே. அது மட்டும் செய். போடாதே.

ஷைலா

*

மாரிகுப்பம்
15 நவம்பர், சனி

டீச்சருக்கு,

இதைத் திங்கட்கிழமைதான் ராதிகாவிடம் கொடுக்க முடியும். யாரிடமும் காட்டாதீர்கள் என்று மறுபடி எழுதுகிறேன். பழக்கமாகிவிட்டது.

நாலு நாளாக மழை. சயனைடு மேட்டிலிருந்து கரைந்து வந்த சேறு லைன் பின்னால் தேங்கி நிற்கிறது. அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். பெங்களூரில் ஏதோ அபார்ட்மெண்டுக்குக் காவல். போகும்போது கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆப்புகளை இன்னும் இறுக்கிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் தேதி 216. நேற்று 222.

நீங்கள் செய்யக் கூடாது என்றதை நேற்று செய்தேன். குழவிக்கல்லால் ஒரு ஆப்பைத் தட்டிக் கழற்றப் பார்த்தேன். அசையவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டாள். கன்னத்தில் ஓர் அறை. பிறகு அவளே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “டிசம்பர்டி. இன்னும் மூணே வாரம்டி. இத்தன வருசம் நின்னது மூணு வாரம் நிக்காதா?” என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. உத்தரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஆனால் இன்று அம்மாவே பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள். தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன். “ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கோம், கதவத் தொறந்து போட்டுப் படுப்பாங்களா?” என்று திட்டினாள். ஒன்பது மணிக்கு நான்தான் போட்டேன். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்ததும் சுலபமாக விழுந்தது.

சாயங்காலம் பார்வதம்மா தன் வாசலில் நின்று, “இன்னாடி இஞ்சினியரம்மா, மழையில எத்தன மில்லி?” என்று கேட்டார். நான் முதல்தடவையாகப் பதில் சொன்னேன். “இருவத்திரண்டு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தரையை ஏதோ வைத்துத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் வீட்டுக்காரரும் சுரங்கத்தில் இருந்தவர்தானே. அம்மிக் குழவி உருட்டுகிற சத்தம்போல இருந்தது என்று அம்மா சொன்னாள். அது தொம் டீச்சர்.

டிசம்பரில் பட்டியல் வரும். எங்கள் பெயர் அதில் இருக்கும். வெடிப்பு இல்லாத வீடு என்று உங்கள் கையெழுத்தோடு இருக்கும். அதை நினைத்தால்

இப்போது ஒரு சத்தம். கட்டை முனகுகிறது. அப்பா சொல்வார், விழும்முன் மரம் பேசும், பாறை பேசாது, அதனால்தான் இரும்பு வைக்காமல் மரம் வைப்பது என்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஆணி பாதி தரையில் தெரியவில்லை. அளந்தேன். 231. நேரம் எழுதாத அளவு அளவே இல்லை. மணி 1.40.

அம்மாவை எழுப்பிவிட்டேன்.

டீச்சர், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பார்வதம்மா குரல். “இஞ்சினியரம்மா! ஏய் இஞ்சினியரம்மா! அம்மாவ இட்டுக்கினு வெளிய வாடி, தெறடி!” அம்மா தாழ்ப்பாளை இழுக்கிறாள். தூக்கிப் பிடித்தும் இழுக்கிறாள். ஒன்பது மணிக்குச் சுலபமாக விழுந்தது, இப்போது